மாஸ்டரின் மூக்கு

தவக்காலம் வந்தால் எங்கள் தெருவில் ஆளாளுக்கு எதையாவது விட்டுவிடுவார்கள். மருந்துக்கடைக்காரர் சிகரெட்டை விடுவார். மூன்றாம் வீட்டு டீச்சர் கோபத்தை விட்டதாகச் சொல்வார். நாலாம் நாளே அது திரும்பி வந்துவிடும். நான் எதையும் விடுவதில்லை. எனக்கு வயிற்றுப் புண். பட்டினி கிடந்தால் நேராக ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் வந்து படுப்பாய் என்று டாக்டர் மிரட்டி வைத்திருக்கிறார். அதனால் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் இந்தத் தெருவிலேயே வாயைக் கட்டாத ஒரே ஆள் நான்தான். அதற்காக நான் வெட்கப்பட்டதும் இல்லை.

என் தையல் கடைக்கும் பக்கத்துப் பேக்கரிக்கும் நடுவில் ஒரே சுவர். சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அந்த வழியாக எனக்குச் சூடும் வாசமும் சமயத்தில் ஒரு பன்னும் வரும். என் பக்கத்திலிருந்து நூல் தூசு போகும். போனால் திட்டு வரும்.

பேக்கரியில் மூன்றே பேர். மாவு மேஜை மாஸ்டருடையது. அடுப்பு அவர் தம்பியுடையது. ஐம்பதை எட்டப்போகிற மனுஷன், இன்னமும் எல்லோருக்கும் சின்னவர்தான். முன்னால் நின்று விற்கிறவள் மாஸ்டரின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். கூடப் பிறந்திருந்தால்கூட இவ்வளவு சண்டை போட்டிருக்க மாட்டோம்.

இந்த மூன்று பேருடைய நோன்பு விசித்திரமானது. மாஸ்டரின் அப்பா காலத்தில் வைத்த ஏற்பாடு. நாள் முழுக்கச் சர்க்கரையிலும் வெண்ணெயிலும் புரளுகிறவன் கறியை விட்டேன் மீனை விட்டேன் என்று சொல்வதெல்லாம் ஒரு நோன்பா, கையில் இருப்பதை வாயில் போடாமல் இருக்கட்டும் பார்க்கலாம் என்று அவர் சொல்லிவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து நாற்பது நாளும் அந்த வீட்டில் ஒருத்தர் நாக்கிலும் இனிப்பு படாது. கேக், பன், பிஸ்கட் எல்லாம் செய்வார்கள், விற்பார்கள். ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட மாட்டார்கள்.

ருசி பார்க்காமல் எப்படி ஐயா வியாபாரம் நடக்கும் என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். அதற்கு எங்கள் தெரு முழுக்க ஒரே பதில்தான். மாஸ்டரின் மூக்கு.

அந்த மூக்கைப் பற்றி நான் பாதிதான் நம்புவேன், ஆனால் அந்தப் பாதியே அதிகம். என் கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார். திடீரென்று தலையைத் திருப்பி, “சின்னவா, கீழ்த் தட்டைத் திருப்பு” என்று கத்துவார். திருப்பினால் அந்தப் பக்கம் ஒரு நிமிஷத்தில் கருகியிருக்கும். உப்பு விழாத மாவுக்கு ஒரு புளித்த வாசம் உண்டு, அது கிட்டே போகாமலே தெரியும் என்பார். உப்புக்கு ஏது வாசம் என்று நான் சிரித்திருக்கிறேன். “உப்புக்கு இல்லம்மா, உப்பு இல்லாததுக்கு” என்பார். இப்படியெல்லாம் பேசுகிற மனுஷனிடம் என்ன வாதம் செய்ய முடியும்.

இந்த வருஷம் தை கடைசியில் அவருக்குக் காய்ச்சல் வந்து பன்னிரண்டு நாள் படுத்துவிட்டார். எழுந்து வந்த வாரமே சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு மாவு மேஜைக்குப் போனவரைப் பார்த்து அக்கா சந்தோஷப்பட்டாள். நானும்தான்.

பெரிய வியாழன் காலையில் எனக்குத் தலைக்கு மேல் வேலை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்பது வெள்ளைக் கவுன் ஒத்துக்கொண்டிருந்தேன், நாலுக்கு இன்னும் கைகூட வைக்கவில்லை. பக்கத்தில் அவர்களுக்கு அதைவிட வேலை. மறுநாள் பெரிய வெள்ளிக்கு நானூறு சிலுவை பன். மூன்று மணி வழிபாடு முடிந்து வருகிற ஜனம் பட்டினியைக் கலைப்பது அந்தப் பன்னில்தான். பழைய கணக்கில் ஒரு வீட்டுக்குக் குறைந்தது ஆறு. முதல் இருநூறை வியாழன் காலையிலேயே போட்டு இறக்கிவிடுவார்கள். அக்கா பின்கட்டில் வெங்காயத் தோலை அண்டாவில் கொட்டி முட்டைக்குச் சாயம் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நாற்பது நாளாகத் தெருவில் ஒரு வீட்டு வெங்காயத் தோலையும் அவள் குப்பைக்குப் போக விட்டதில்லை. அந்தச் சாயத்தில் வெந்த முட்டை செங்கல் நிறத்தில் வரும், எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளக்கும். ஓட்டைப் பார்த்தால் மூடின கல்லறை, உள்ளே உயிர் என்று எங்கள் ஃபாதர் வருஷா வருஷம் பிரசங்கத்தில் சொல்வார். வெந்த முட்டையில் ஏது ஃபாதர் உயிர் என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார்.

பத்து மணிக்கு ஜன்னல் வழியாக மாஸ்டர் சிலுவை போடுவதைப் பார்த்தேன். வெறும் மைதாவும் தண்ணீரும் குழைத்த பசையைக் காகிதக் கூம்பில் நிரப்பி, தட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் கையைத் தூக்காமல் ஒரே கோடு. பிறகு குறுக்கே ஒரே கோடு. ஒரு தட்டில் இருபத்துநாலு பன்னுக்கும் சிலுவை விழுந்துவிடும். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் என் ஊசி நின்றுபோகும்.

“மாவு இன்னிக்கு என்னமா பொங்கியிருக்கு பாருங்கண்ணே” என்றார் சின்னவர். “முக்கால் மணி நேரத்துல சட்டி விளிம்புக்கு வந்துருச்சு.”

“வெயில்” என்றார் மாஸ்டர்.

பதினோரு மணிக்கு அக்கா ஒரு பன்னைத் தட்டில் வைத்து ஜன்னலில் நீட்டினாள். சூடு ஆறியிருக்கவில்லை. “இந்தா, இந்தத் தெருவுலயே நீ ஒருத்திதான் நோன்பு இல்லாத பாவி. தின்னுட்டு எங்களுக்காகவும் வேண்டிக்கோ.”

பார்க்க அழகாகத்தான் இருந்தது. நிறம் மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தது. பட்டையும் உலர்ந்த திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் வாசம் தூக்கியது. ஒரு கடி கடித்தேன். மென்றேன். இன்னொரு கடி கடித்தேன். பஞ்சைச் சர்க்கரையில் தோய்த்துத் தின்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. இனிப்பு தனியாக ஒரு பக்கம் நின்றது, பன் தனியாக ஒரு பக்கம் நின்றது.

“அக்கா, இதுல உப்பு இல்ல.”

“உப்பு இல்லையா? நல்லாப் பாருடி.”

“நல்லாப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். துளிகூட இல்ல.”

மாஸ்டர் மேஜையிலிருந்து திரும்பினார். “டெய்லரம்மா, நீ திங்கற மாத்திரைக்கு உன் நாக்கு மரத்துக் கிடக்கு. உப்பெல்லாம் இருக்கு.”

“என் நாக்கு நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். வேணும்னா சின்னவரை ஒரு வாய் பார்க்கச் சொல்லுங்க.”

சின்னவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். “முப்பத்தெட்டாவது நாள்ங்க. இன்னும் மூணு நாள்தான் இருக்கு, என்னை ஏன் வம்புக்கு இழுக்கறீங்க?”

“அவன் பார்க்க வேணாம். நான் மோந்து பார்த்துட்டேன். இருக்கு” என்றார் மாஸ்டர். முடிந்தது பேச்சு என்கிற மாதிரி இருந்தது குரல்.

மாஸ்டருக்கு ஒரு பழக்கம். உப்பை முதலிலேயே போட்டால் மாவு முறைத்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. மாவைப் பிசைந்து இருபது நிமிஷம் தூங்கவிட்டு, அப்புறம்தான் உப்பைப் போட்டு மறுபடி பிசைவார். அதற்காக உப்பை முன்கூட்டியே நிறுத்து ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்திருப்பார். சின்னவர் அலமாரியில் எதையோ தேடிக்கொண்டே போனவர், திராட்சை டப்பாவுக்குப் பின்னாலிருந்து அந்தக் கிண்ணத்தை எடுத்தார். தலை தட்டி வைத்த உப்பு அப்படியே இருந்தது. அவர் அதை மேஜையில் வைத்தார்.

“அண்ணே” என்றார் சின்னவர், ரொம்ப மெதுவாக. “மோந்து பார்த்தேன்னீங்களே?”

“சளி பிடிச்சிருக்குடா.”

“எப்போலேர்ந்து?”

“நேத்துலேர்ந்துன்னு வச்சுக்கோயேன். இப்ப அதுவா முக்கியம்?”

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு அண்டா பொங்கிற்று, ஓடிப்போனாள்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வாரம் முன்பு இஸ்திரிப் பெட்டியை ஒரு சட்டைக் காலர் மேல் மறந்து வைத்துவிட்டேன். கருகிய நாற்றம் தாங்க முடியாமல் அடுப்பை விட்டுச் சின்னவர் ஓடி வந்தார், எதிர்ச்சாரியிலிருந்து மருந்துக்கடைக்காரர் ஓடி வந்தார். அப்போது என் வாசலில், என்னிலிருந்து நாலடியில் நின்று மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் மாஸ்டர். அவர் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. அன்றைக்கு என் காலர் போன துக்கத்தில் நான் அதை யோசிக்கவில்லை. நேற்றுப் பிடித்த சளியாம்.

“மாஸ்டர், ஈஸ்டர் சட்டைக்கு அளவு எடுக்கணும். இப்ப வந்தாத்தான் உண்டு. கவுன் முடிச்சுட்டு உட்கார்ந்தா உங்க சட்டை அடுத்த ஈஸ்டருக்குத்தான்” என்றேன்.

“போன வருஷ அளவு இருக்குல்ல?”

“எலி தின்னுருச்சு. வாங்க.”

வந்தார். கதவைச் சாத்தினேன். கையைத் தூக்கச் சொல்லி மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தேன். போன வருஷ அளவு என் நோட்டில் பத்திரமாக இருந்தது. மார்பு நாற்பது. இப்போது முப்பத்தெட்டுகூட வரவில்லை. கழுத்தில் ஒரு விரல் போகிற இடத்தில் மூன்று விரல் போயிற்று.

“என்ன மாஸ்டர் இப்படிக் கரைஞ்சிருக்கீங்க?”

“நோன்புதான்.”

“போன வருஷமும் நோன்புதானே இருந்தீங்க. அப்ப எடை கூடினீங்க. ரொட்டியாத் தின்னு கூட்டினீங்கன்னு அக்கா என்கிட்ட அழுதாங்க.”

தோளுக்கு டேப்பை மாற்றினேன். முதுகுப் பக்கம் நின்றுகொண்டு கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கே தைரியம் இல்லை.

“மூக்கு எப்போ போச்சு?”

தோள் டேப்புக்கடியில் இறுகியது. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“காய்ச்சல்ல” என்றார். “ஏழாம் நாளோ எட்டாம் நாளோ. அவ கஞ்சி கொண்டுவந்து குடுத்தா. வெந்நீர்னு நெனச்சுக் குடிச்சேன். மூக்கும் போச்சு, நாக்கும் போச்சு. டாக்டர் வரும்னார். மெதுவா வரும், சில பேருக்கு வராமலும் போகலாம்னார்.”

“அக்காகிட்ட சொல்லலையா?”

“சாம்பல் புதன் வந்துருச்சு. எப்படியும் ருசி பார்க்கப் போறதில்ல. நாற்பது நாள் கெடைச்சுதுன்னு நெனச்சேன். அதுக்குள்ள வந்துரும்னு நெனச்சேன்.”

“வரலையே.”

“வரல.” “நிறத்தைப் பார்த்து இறக்கச் சொல்றேன். அடியில தட்டிச் சத்தம் கேக்கறேன். எல்லாத்தையும் நிறுத்துப் போடறேன். இத்தனை நாள்ல ஒரு தப்பு வரலம்மா. இன்னிக்குத்தான்.”

“ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க?”

கேட்டபிறகு கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஈஸ்டர் விடியற்காலைப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் எல்லோரும் கூடுவோம். நடுமேஜையில் மாஸ்டர் பின்னின பெரிய ரொட்டி, பின்னலுக்கிடையில் சிவப்பு முட்டைகள். ஃபாதர் ஆசீர்வதித்ததும் மாஸ்டர்தான் முதல் துண்டைப் பிய்த்து வாயில் போடுவார். நாற்பது நாளுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு முதல் இனிப்பு. மென்று முழுங்கி, “உப்பு சரி, சர்க்கரை சரி, எல்லாரும் வாங்க” என்று சொல்லுவார். அவர் சொல்லாமல் ஒரு குழந்தைகூட மேஜையைத் தொடாது.

“அன்னிக்கு மண்டபத்துல வச்சே சொல்லிடலாம்னு இருக்கேன்” என்றார். “கால் வலி, நிக்க முடியல, திங்கக்கிழமைலேர்ந்து மேஜை சின்னவனோடதுன்னு.”

“கால் வலியா?”

“வாசம் தெரியாத மாஸ்டர்னு சொல்றதுக்குக் கால் வலின்னு சொல்லலாம்ல. பதினாறு வயசுலேர்ந்து அந்த மேஜைல நிக்கறேன் டெய்லரம்மா. எனக்கு வேற எதுவும் தெரியாது. ஊரெல்லாம் என் மூக்கைத்தான் பேசுது.” சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். நான் டேப்பைச் சுருட்டுவது மாதிரிச் சுருட்டிக்கொண்டே இருந்தேன். எனக்கும் கண் கலங்கியது, இப்போது அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஆனால் நான் அழுதுகொண்டு நிற்கிற ஜாதி இல்லை. “இங்க பாருங்க மாஸ்டர். இருநூறு பன்னு உப்பில்லாம உட்கார்ந்திருக்கு. இன்னும் இருநூறுக்கு மாவு போடணும். நீங்க அக்காகிட்ட போய்ச் சொல்லுங்க. மணி பன்னெண்டு. ஒரு மணிக்குள்ள நீங்க சொல்லலன்னா ஜன்னல் வழியா நான் சொல்லுவேன். எனக்கு ரகசியம் தங்காதுன்னு உங்களுக்கே தெரியும்.”

“தெரிஞ்சுதான் உன்கிட்ட சொன்னேனோ என்னவோ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் மெஷினை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒட்டுக் கேட்டேன் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

மாஸ்டர் சுற்றி வளைக்கவில்லை. பின்கட்டுக்குப் போய், முட்டையை ஒவ்வொன்றாகக் கரண்டியில் எடுத்துக்கொண்டிருந்த அக்காவின் பக்கத்தில் நின்று, இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் எங்கே அழுதாள்.

“அப்போ அன்னிக்கு ஊசிப்போன பருப்பு?”

“எந்தப் பருப்பு?”

“போன மாசம்! நான் பார்க்காம உங்களுக்கு ஊத்திட்டேன். வாயில வச்சா குமட்டுது. நீங்க ரெண்டு தடவை வாங்கித் தின்னுட்டு, அருமையா இருக்குன்னு சொன்னீங்க. நான் மனசுக்குள்ள, ஐயோ என் மனசு நோகக்கூடாதுன்னு எப்படித் திங்கறார் பாருன்னு உருகிப் போயிட்டேன். ரெண்டு நாள் உங்களைத் திட்டக்கூட இல்ல!”

சின்னவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டேன்.

“அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?” என்றார் மாஸ்டர், பரிதாபமாக.

“சொல்லியிருக்கணும்! மூக்கு போனதுக்கா எனக்குக் கோபம்? காய்ச்சல்ல போச்சு, யார் என்ன செய்ய முடியும்? ஒரே வீட்டுல, தினம் தட்டுல சோறு போடறவகிட்ட ரெண்டு மாசமா நடிச்சீங்களே, அதுக்குத்தான்.”

“ஞாயித்துக்கிழமையோட விட்டுடறேன். திங்கள்லேர்ந்து சின்னவன் மேஜைக்கு வரட்டும்.”

இதைக் கேட்டதும் சின்னவரின் சிரிப்பு நின்றது. “நானா? அண்ணே, மாவு தொட்டா என் கையெல்லாம் ஒட்டும். எனக்கு அடுப்புதான் தெரியும். நான் பின்னுன ரொட்டியை நீங்களே பார்த்தீங்கல்ல, மூட்டை கட்டுன மாதிரி இருந்துச்சு.”

“கத்துக்குவ.”

“நாப்பத்தொம்பது வயசுல!”

“அந்தப் பேச்செல்லாம் அப்புறம்” என்றாள் அக்கா. “நாளைக்கு ஜனம் வரும். முதல்ல இந்தப் பன்னுக்கு வழி சொல்லுங்க.”

அந்தக் கேள்வி விழுந்ததும் மாஸ்டர் நிமிர்ந்துவிட்டார். வேலை என்று வந்தால் அந்த மனுஷனுக்கு மூக்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இருநூறு பன்னையும் குறுக்கே இரண்டாக அறுக்கச் சொன்னார். உப்பு வெண்ணெய் உருக்கி, வெட்டின முகத்தில் தடவி, அடுப்புத் தணலில் வைத்து முறுகலாக இறக்கச் சொன்னார். பெரிய வெள்ளியன்று பட்டினி முடிக்கிறவனுக்குப் பல்லுக்கு ஒரு வேலை இருக்கட்டும், மீதிச் சரக்குக்கு நடுவில் இதையும் வை, ஒரு வீட்டுக்கு நாலு துண்டு சும்மா கொடு என்றார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, இருநூறுக்குப் பதில் நானூறுக்கு மாவு கொட்டினார்.

இருபது நிமிஷம் கழித்து உப்புக் கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிவிட்டு மாவில் கவிழ்த்தார். “பார்த்துக்கங்க எல்லாரும்.” மறுபடி பிசைந்து முடித்து, நெல்லிக்காய் அளவு பச்சை மாவு ஒன்று ஜன்னல் வழியாக என்னிடம் வந்தது.

“பச்சை மாவா? எனக்கு வயித்துப் புண்ணு!”

“தின்ன வேணாம், நாக்குல வச்சுத் துப்பு” என்றாள் அக்கா. “நோன்பு இல்லாததுக்கு இந்த உபகாரமாவது பண்ணு.”

வைத்தேன். துப்பினேன். உப்பு இருந்தது. அன்றைக்கு மட்டும் நாலு தடவை துப்பினேன், சனிக்கிழமை ஈஸ்டர் ரொட்டி மாவுக்கு இரண்டு தடவை. கவுன் ஒன்பதும் எப்படி முடிந்தது என்று எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை கோயில் மணி அடிக்கவில்லை, வழக்கம்போல மரக்கட்டையைத்தான் தட்டினார்கள். மூன்று மணிக்குப் பிறகு வரிசை மருந்துக்கடை தாண்டி நின்றது. வறுத்த துண்டுகளைக் கேட்டு வாங்கினார்கள். போன வருஷம் இது இல்லையே மாஸ்டர் என்று டீச்சர் கேட்டதற்கு, புதுசா ஒண்ணு பண்ணிப் பார்த்தோம் என்று சின்னவர் சொன்னார். பெரிய வெள்ளியும் அதுவுமாகப் பொய் சொல்லவில்லை, யோசித்துப் பார்த்தால் உண்மைதான்.

ஆனால் மாஸ்டர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சனிக்கிழமை காலையில் ரொட்டி பின்னும்போது ஜன்னலில் கையை ஊன்றி நின்று பார்த்தேன். ஆறு இழை. ஒவ்வொன்றும் என் கை நீளம். ஒன்றைத் தூக்கி இரண்டைத் தாண்டி, ஒன்றுக்கடியில் விட்டு, கண்ணை மேஜையில் வைக்காமலே பின்னினார். நடுநடுவே சிவப்பு முட்டையை அழுத்தி உட்கார வைத்தார். முடித்ததும் மேஜையை ஈரத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அது வெறுமே துடைக்கிற மாதிரி இல்லை, விடைபெறுகிற மாதிரி இருந்தது. அக்காவும் அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. வாயைத் திறந்து போகாதீங்க என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மூன்று நாள் வாயை மூடிக்கிடந்த மணி காது கிழிய அடித்தது. பூசை முடிந்து மண்டபத்துக்குள் போனால் வெள்ளை மேஜை விரிப்பு, ஓரத்தில் லில்லிப் பூக்கள், உயரமான பாஸ்கா மெழுகுவர்த்தி, நடுவில் ரொட்டி. என் ஒன்பது கவுன்களும் அங்கே இங்கே ஓடின. மாஸ்டர் நான் தைத்த சட்டையில் நின்றார். கழுத்து சரியாக உட்கார்ந்திருந்தது.

ஃபாதர் ஆசீர்வாதம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். ஜனம் அமைதியாகிவிட்டது. மாஸ்டர் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். முழுங்கினார். எல்லோரும் அந்த நாலு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள்.

“மேல்பக்கம் முறுகலா இருக்கு” என்றார். “உள்ள இழை இழையாப் பிரியுது. நல்லா வெந்திருக்கு. இது எனக்குத் தெரியுது. உப்பு சரியா, சர்க்கரை சரியான்னு எனக்குத் தெரியல. காய்ச்சல்ல எனக்கு மூக்கும் நாக்கும் போயிருச்சு. ரெண்டு மாசமா யார்கிட்டயும் சொல்லல. கால் வலின்னு பொய் சொல்லிடலாம்னு இருந்தேன். இன்னிக்கு வேணாம்னு தோணுச்சு.”

ஒரு குழந்தை மட்டும் ஏதோ கேட்டது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

“அதனால திங்கக்கிழமைலேர்ந்து என் தம்பி—”

“கொஞ்சம் இருங்க” என்றாள் அக்கா.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஜைக்கு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. ரொட்டியில் நல்ல பெரிய துண்டாகப் பிய்த்தாள், ஒரு முட்டையே கழன்று உருண்டது. வாயில் போட்டு நிதானமாக மென்றாள். நாற்பது நாளைக்குப் பிறகு அவளுக்கு முதல் இனிப்பு, அனுபவித்துத்தான் தின்றாள். நாங்கள் அத்தனை பேரும் அவள் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

“உப்பு சரி” என்றாள். “சர்க்கரை சரி. ஆரஞ்சுத் தோல் கசக்குது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பச்சை மாவில் அந்தக் கசப்பு என் நாக்குக்கு எட்டவே இல்லை. மாஸ்டர் முகம் சுருங்கிவிட்டது. “பார்த்தியா, இதுக்குத்தான் சொன்னேன். மூக்கு இருந்திருந்தா—”

“மூக்கு இருந்தப்பவும் கசந்துச்சு.”

“என்னது?”

“போன வருஷமும் கசந்துச்சு. அதுக்கு முந்தின வருஷமும் கசந்துச்சு. நான் கல்யாணமாகி வந்த வருஷத்துலேர்ந்து கசக்குது. தோலோட உள்பக்கத்து வெள்ளையையும் சேர்த்துத் துருவறீங்க.”

மாஸ்டர் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் மெழுகுவர்த்தியைப் பார்த்தார். பிறகு, “லேசாக் கசக்கும்தான்” என்றார். “ஆசீர்வதிச்ச ரொட்டியாச்சேன்னு நான் ஒண்ணும் சொல்றதில்ல.”

“எங்க வீட்டுல புள்ளைங்க தோலைப் பொறுக்கி வச்சுட்டுத்தான் திங்கும்” என்றார் மருந்துக்கடைக்காரர். அங்கே யாரோ சிரித்தார்கள். இன்னொருத்தர் ஆமாம் என்றார். டீச்சரும் ஆமாம் என்றார். சின்னவர் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகக் கையைத் தூக்கினார்.

“நீயுமாடா?” என்றார் மாஸ்டர்.

“அண்ணே, உங்க மூக்கை மீறி யாருண்ணே பேசறது?”

மாஸ்டர் அக்காவைப் பார்த்தார். கோபப்படுவதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. “இருபத்திரண்டு வருஷமா ஏன் சொல்லல?”

“நீங்க எங்க கேட்டீங்க?”

அவர் ரொட்டியில் இன்னொரு துண்டைப் பிய்த்தார். பின்னலைப் பிரித்து, இழைக்குள் ஒட்டியிருந்த தோல் துருவலை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் வெள்ளை இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகத்தில் இரண்டு மாசமாகக் காணாமல் போயிருந்த மாஸ்டர் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

“வெள்ளையை விட்டுட்டு மேல்தோலை மட்டும் துருவினா போதுமா, அளவையும் குறைக்கணுமா?” என்று கேட்டார்.

“முதல்ல வெள்ளையை விட்டுட்டுத் துருவுங்க” என்றாள் அக்கா. “அளவை நாளைக்குப் பார்க்கலாம். நான் மேஜைக்குப் பக்கத்துல நிக்கறேன்.”